காளான் நமக்குப் பங்காளி, வாழை தூரத்துச் சொந்தம்

பரிணாமம் என்று பேச்சை எடுத்தால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்து விழும். ஒன்று டீக்கடைக் கேள்வி: “குரங்குலேர்ந்து மனுசன் வந்தான்னா, இன்னும் ஏன் குரங்கு இருக்கு?” மற்றது வாட்ஸ்அப் குழுக்களில் வருடக்கணக்காகச் சுற்றும் செய்தி: “மனித டிஎன்ஏவில் பாதி வாழைப்பழத்தின் டிஎன்ஏ!” முதலாவதைக் கேட்பவர் எதிராளியை மடக்கிவிட்டதாக நினைக்கிறார். இரண்டாவதை அனுப்புபவர் அறிவியலைப் பரப்புவதாக நினைக்கிறார். இருவரும் இடறுவது ஒரே இடத்தில்தான். உயிர்களுக்குள் ‘சொந்தம்’ என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பது இருவருக்கும் பிடிபடவில்லை.

இதில் நம் மொழிக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. பாடப்புத்தகத்திலிருந்து செய்தித்தாள் வரை ‘பரிணாம வளர்ச்சி’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். செல்போனின் பரிணாம வளர்ச்சி, ஒரு நடிகரின் பரிணாம வளர்ச்சி என்று அந்தச் சொல் எங்கெங்கோ போய்விட்டது. வளர்ச்சி என்று சொன்னதுமே கீழிருந்து மேலே ஏறும் ஏணி ஒன்று மனதில் வந்து நிற்கிறது. அடிப்படியில் புழு, நடுவில் குரங்கு, உச்சியில் நாம்.

உண்மையில் பரிணாமம் என்பது ஓர் உயிர்க்கூட்டத்தின் பரம்பரைப் பண்புகள் தலைமுறை தலைமுறையாக மாறிக்கொண்டே போவது. அவ்வளவுதான். மேலே போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் அதற்கு இல்லை. நாடாப்புழுவின் மூதாதைக்குக் குடல் இருந்தது. அடுத்தவர் குடலில் குடியேறிய வம்சம், காலப்போக்கில் சொந்தக் குடலே இல்லாமல் ஆகிவிட்டது. அதுவும் பரிணாமம்தான். அதனால் இந்தக் கட்டுரையில் ‘வளர்ச்சி’யை விட்டுவிட்டு வெறும் பரிணாமம் என்றே எழுதுகிறேன்.

## பங்காளிக் கணக்கு

குலதெய்வக் கோயிலில் கும்பிடு நாளன்று கூடும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சென்னையில் வங்கி வேலை, ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனி, ஒருவர் ஊரோடு இருந்து ஆடு மேய்க்கிறார். நிறம் ஒத்துப்போகாது, முகம் ஒத்துப்போகாது. இருந்தாலும் பங்காளிகள். எப்படி? “உங்க பாட்டனாரும் எங்க பாட்டனாரும் கூடப்பிறந்தவங்க.” அவ்வளவுதான் ஆதாரம். எத்தனை தலைமுறைக்கு முன் பிரிந்தார்கள் என்பதை வைத்தே நெருங்கிய பங்காளி, தூரத்துப் பங்காளி என்று முடிவாகிறது. பேருந்தில் உங்கள் அண்ணனைப் போலவே ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர் பங்காளி ஆகிவிட மாட்டார்.

உயிர்களுக்கும் இதே கணக்குதான். எந்த இரண்டு உயிரினங்களை எடுத்தாலும், பின்னோக்கிப் போனால் இரண்டு வம்சமும் ஓரிடத்தில் சேரும். அந்த இடத்தில் வாழ்ந்த கூட்டத்துக்குப் பொது மூதாதை என்று பெயர். அது எவ்வளவு சமீபமோ, அவ்வளவு நெருங்கிய சொந்தம். நமக்கும் சிம்பன்சிக்கும் பொது மூதாதை வாழ்ந்தது ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அது இன்றைய சிம்பன்சியும் அல்ல, இன்றைய மனிதனும் அல்ல.

டீக்கடைக் கேள்விக்குப் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது. உங்கள் சித்தப்பா மகனிடமிருந்து நீங்கள் பிறக்கவில்லை. இருவருக்கும் தாத்தா ஒருவர். நீங்கள் பிறந்ததற்காகச் சித்தப்பா மகன் காணாமல் போக வேண்டுமா என்ன? இன்று மரத்தில் தாவும் குரங்கு நமக்கு அந்த முறைதான், எத்தனையோ தலைமுறை தள்ளி.

## ஏட்டுப் பிழையும் வைட்டமின் சியும்

பாட்டனார் பெயரைச் சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள். லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய உறவை யார் சாட்சி சொல்வது?

இதற்கு ஓலைச்சுவடியைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. ஓலை நிரந்தரமல்ல, செல்லரிக்கும், ஒடியும். அதனால் ஒரு நூல் பிழைக்க வேண்டுமென்றால் திரும்பத் திரும்பப் பார்த்து எழுதியாக வேண்டும். எழுதுபவர் எங்காவது ஒரு வரியைத் தவறவிடுவார், ஒரு எழுத்தை மாற்றிப் போடுவார். அந்த ஏட்டைப் பார்த்து அடுத்தவர் எழுதும்போது பழைய பிழையும் சேர்ந்தே வரும், புதிதாக ஒன்றிரண்டும் கூடும். உ.வே.சா. போன்ற பதிப்பாசிரியர்கள் ஊர் ஊராகத் தேடிய பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்தது இதனால்தான். இரண்டு வெவ்வேறு ஊர் ஏடுகளில் அதே இடத்தில் அதே வரி விடுபட்டிருந்தால், இரண்டும் ஒரே தாய்ப் பிரதியிலிருந்து வந்தவை என்று சொல்லிவிடலாம். சரியாக இருக்கும் வரிகள் எல்லா ஏட்டிலும் ஒன்றாகத்தான் இருக்கும். வம்சத்தைக் காட்டிக்கொடுப்பது பொதுவான பிழை.

உயிரின் ஏடு டிஎன்ஏ. ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் நீண்ட இழை அது; நான்கே வகை வேதி அலகுகள், நான்கே எழுத்துகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனித ஏட்டில் சுமார் 300 கோடி எழுத்துகள். அதில் ஒரு குறிப்பிட்ட புரதத்தைச் செய்யும் குறிப்பைத் தாங்கிய பகுதிக்கு மரபணு என்று பெயர். படியெடுக்கும்போது நேரும் எழுத்துப் பிழைக்குப் பிறழ்வு என்று பெயர். அப்பா அம்மா இருவரிடமும் இல்லாத 60, 70 புதிய பிறழ்வுகளோடுதான் ஒவ்வொரு குழந்தையும் பிறக்கிறது. பெரும்பாலானவை நல்லதும் செய்வதில்லை, கெட்டதும் செய்வதில்லை. சும்மா ஏட்டோடு போய்க்கொண்டே இருக்கும்.

இப்போது ஒரு நிஜமான ஏட்டுப் பிழையைப் பார்ப்போம். ஆட்டுக்கும் நாய்க்கும் யாரும் எலுமிச்சையும் நெல்லிக்காயும் கொடுப்பதில்லை. அவற்றுக்கு வைட்டமின் சி வெளியிலிருந்து தேவையில்லை, கல்லீரலே செய்துகொள்கிறது. நம் உடம்பால் முடியாது. அதனால்தான் காய்கனி இல்லாமல் மாதக்கணக்கில் கடலில் போன மாலுமிகள் ஈறு வீங்கி ஸ்கர்வி நோயில் செத்தார்கள். வைட்டமின் சி செய்வதற்குக் கடைசிப் படியில் வேலை பார்க்கும் மரபணு நம் டிஎன்ஏவிலும் இருக்கிறது. ஆனால் பாதி வரிகள் போய், உடைந்து, வாசிக்க முடியாத நிலையில் கிடக்கிறது. சிம்பன்சியிடமும் நம் ஊர் நாட்டுக்குரங்கின் கூட்டத்திலும் அதே மரபணு அதேபோல் உடைந்து கிடக்கிறது. குரங்கு, வாலில்லாக் குரங்கு, மனிதன் எல்லோரும் சேர்ந்த வம்சத்தின் பொது மூதாதையிடமே அது உடைந்துவிட்டது. இதற்கு முன்பே கிளை பிரிந்து போன தேவாங்கு, லெமூர் கூட்டத்தாரிடம் அது இன்னமும் வேலை செய்கிறது.

கினிப்பன்றிக்கும் வைட்டமின் சி செய்ய வராது. ஆனால் அங்கே உடைந்திருக்கும் விதம் வேறு. வேறு ஏட்டில், வேறு கை செய்த பிழை. ஒரே இறைவன் ஒரே மாதிரி படைத்தான், அதனால் ஒத்திருக்கிறது என்று வாதிடுபவர்கள் உண்டு. வேலை செய்யும் உறுப்புக்கு அந்த வாதம் பொருந்தலாம். ஒரே இடத்தில் ஒரே மாதிரி உடைந்த ஓட்டை உடைசலுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாக: சொந்தம் என்றால் பொது மூதாதை. சாட்சி டிஎன்ஏ. அதிலும் வலுவான சாட்சி பொதுவான பிழைகள்.

## களை எடுக்கும் கை

பிழைகள் சேர்ந்தால் ஏடு கெட்டுத்தானே போகும்? அதிலிருந்து கண்ணும் சிறகும் எப்படி வரும்? நியாயமான கேள்வி. விடை நெல் வயலில் இருக்கிறது.

நெல்லோடு நெல்லாக நிற்கும் ஒரு களைப்புல் உண்டு, குதிரைவாலியின் இனம். இளம்பயிராக இருக்கும்போது கைதேர்ந்தவர்களே குனிந்து இலையடியைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். இலை தண்டைப் பற்றும் இடத்தில் நெல்லுக்குச் சின்ன நாக்குப் போல ஒரு சவ்வு இருக்கும். இந்தக் களைக்கு அது கிடையாது. மற்றபடி உயரம், நிறம், நிற்கும் வாகு எல்லாம் நெல்லேதான்.

இந்த ஜாடை எப்படி வந்தது? புல் நெல்லைப் பார்த்துக் காப்பியடிக்கவில்லை. அதற்குக் கண்ணே இல்லை. அந்தக் களையில் எப்போதும் நூறு மாதிரி இருந்தன: படர்ந்தவை, நிமிர்ந்தவை, தண்டு சிவந்தவை, பச்சையானவை. எல்லாம் பிறழ்வுகளின் வேலை. களை எடுக்கும் கை, வித்தியாசமாகத் தெரிந்ததையெல்லாம் பிடுங்கி வரப்பில் போட்டது. நெல் போல் இருந்த ஒன்றிரண்டு தப்பித்து விதை விட்டன. அடுத்த போகத்தில் அவற்றின் பிள்ளைகள் கொஞ்சம் அதிகம். இப்படிப் பல நூறு போகம். சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதியில் இந்தக் களையின் டிஎன்ஏவை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, நெல் ஜாடையுள்ள வகை சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான் தனியாகப் பிரிந்திருக்கிறது.

இப்படிச் சூழலுக்குத் தோதானவை அதிகம் பிழைத்து, அதிகம் பிள்ளை விட்டு, அவற்றின் பண்பு கூட்டத்தில் பரவுவதற்கு இயற்கைத் தேர்வு என்று பெயர். வயலில் சூழல் என்பது மனிதக் கை. காட்டில் அது வறட்சி, புலி, நோய், இணை தேடும் போட்டி. மனிதன் வேண்டுமென்றே பொறுக்கி எடுத்தால் வேகம் இன்னும் கூடும். முட்டைகோஸ், காலிஃபிளவர், நூல்கோல், ப்ரோக்கோலி நான்கும் ஒரே தாவர இனம் என்று சொன்னால் காய்கறிக் கடையில் நம்ப மாட்டார்கள். ஐரோப்பியக் கடலோரக் காட்டுச் செடி ஒன்றில், ஒருவர் இலையைப் பார்த்துப் பொறுக்கினார், இன்னொருவர் பூவை, மற்றொருவர் தண்டை.

இங்கே இரண்டு தப்பெண்ணங்கள் உதிர வேண்டும். ஒன்று, தேவை வந்ததால் மாற்றம் வந்தது என்பது. எட்டிப் பறித்துப் பறித்து ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீளவில்லை. நீண்ட கழுத்தோடு பிறந்தவை தப்பித்தன. தனி ஆள் மாறுவதில்லை, கூட்டம்தான் மாறுகிறது. இரண்டு, ‘எல்லாம் தற்செயல்’ என்பது. பிறழ்வு தற்செயல். களை எடுப்பது தற்செயல் அல்ல.

## ஜாடை ஏமாற்றும்

சூழல் ஒன்றாக இருந்தால், சம்பந்தமே இல்லாத இரண்டு வம்சங்கள் ஒரே ஜாடைக்கு வந்துவிடும். இதற்குக் குவிபரிணாமம் என்று பெயர். தென்மாவட்டங்களில் வறண்ட மேட்டில் நிற்கும் சதுரக்கள்ளியையும் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியையும் நாம் ‘கள்ளி’ என்று ஒரே பெயரில் அழைக்கிறோம். தண்ணீரைத் தண்டில் தேக்கி, முள்ளால் காத்து நிற்கும் அதே உத்தி இரண்டுக்கும். ஆனால் சதுரக்கள்ளியைக் கீறினால் வெள்ளைப் பால் பீறிடும் (கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பொல்லாதது). அது ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் குடும்பம். சப்பாத்திக்கள்ளியில் பால் வராது. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட வேறு குடும்பம்.

தாமரையும் அல்லியும் இன்னும் மோசம். ஒரே குளம், அதே வட்ட இலை, அதே சேற்று வேர். தாவரவியலாளர்களே வெகுகாலம் இரண்டையும் ஒன்றாகத்தான் வைத்திருந்தார்கள். டிஎன்ஏ வந்து பிரித்துவிட்டது. பூக்கும் தாவரங்களில் வெகு ஆரம்பத்திலேயே கிளை பிரிந்து போன வம்சம் அல்லி. தாமரை அதைவிட மாமரத்துக்கும் ரோஜாவுக்கும் நெருக்கம்.

எதிர்த் திசையிலும் ஏமாற்றம் உண்டு: ஜாடை துளியும் இல்லை, ஆனால் நெருங்கிய சொந்தம். முதலைக்கு உடும்பைவிடக் கோழி நெருங்கிய சொந்தம். பறவைகள் டைனோசர் வம்சம். முதலையின் வம்சமும் டைனோசரின் வம்சமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பல்லி, ஓணான், உடும்பெல்லாம் அதற்கு முன்பே பாகம் பிரிந்து போனவை. முதலையின் இதயத்தில் கோழிக்கு இருப்பது போலவே நான்கு அறைகள். அதேபோல, பூச்சிகள் என்பவையே இறால், நண்டு வம்சத்துக்குள்ளிருந்து கரையேறிய ஒரு கிளைதான். கரப்பானுக்குச் சிலந்தியைவிட இறால் நெருக்கம். சாப்பிடும் நேரத்தில் இதைச் சொல்லி வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

திமிங்கலத்தின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இன்று உயிரோடிருப்பவற்றில் அதன் மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை. நிலத்தில் நாலு காலில் நடந்த வம்சம், ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்குப் போனது. அந்தச் சாட்சியம் கிடைத்தது நம் துணைக்கண்டத்தில்தான், பாகிஸ்தானிலும் காஷ்மீரிலும். ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பக்கம் ஏ. ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர் சேகரித்த பாறைக் கட்டிகள் அவர் காலத்தில் உடைக்கப்படாமலே கிடந்தன. அவர் மறைந்த பிறகு அவர் மனைவி அவற்றை ஹான்ஸ் தெவிஸ்ஸன் என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். பாறையிலிருந்து எலும்பைப் பிரிக்கும்போது கைதவறி ஒரு மண்டையோடு உடைந்துவிட்டது. உடைந்த இடத்தில் தெரிந்தது காதெலும்பு. அதன் உள்சுவர் ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தது. திமிங்கல வம்சத்தைத் தவிர வேறெதிலும் பார்த்திராத அமைப்பு. பூனை அளவே இருந்த, மெல்லிய மான்கால் கொண்ட அந்தப் பிராணிக்கு இந்தோஹையஸ் என்று பெயரிட்டு 2007-இல் வெளியிட்டார்கள். கையில் தூக்கிக்கொள்ளலாம் போலிருந்த ஒன்று, நீலத்திமிங்கலத்துக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா முறை.

## காளான் எந்தக் கட்சி

சந்தையில் காளானைக் காய்கறியோடு வைத்து விற்கிறார்கள். சைவம் சாப்பிடுபவர்களில் பலர் சாப்பிடுகிறார்கள், சிலர் ஏனோ தொடுவதில்லை. உயிர்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்திய லின்னேயஸ் காலம் தொட்டு அறிவியலும் அதைத் தாவரமென்றே வைத்திருந்தது. ராபர்ட் விட்டேக்கர் 1969-இல் உயிர்களை ஐந்து பெரும் பிரிவுகளாகப் பிரித்து, பூஞ்சைகளுக்குத் தனி இடம் கொடுத்தார். (பூஞ்சை என்றால் காளான், ஈஸ்ட், ஊறுகாயில் பூக்கும் பூசணம் எல்லாம் சேர்ந்த கூட்டம்.) பிறகு டிஎன்ஏவை ஒப்பிட்டபோது இன்னொரு படி நகர்ந்தது. பூஞ்சை தாவரத்துக்குச் சொந்தமல்ல, விலங்குக்குச் சொந்தம்.

டிஎன்ஏவுக்கு வெளியேயும் தடயங்கள் உண்டு. காளானின் செல்சுவர் கைட்டின் என்ற பொருளால் ஆனது. இறால் ஓடும் கரப்பான் ஓடும் அதே பொருள்தான். செடி மாவுச்சத்தாகச் சேமிக்கும். காளான் நம் கல்லீரலைப் போலக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும். வெயிலில் சமைக்கத் தெரியாது; நம்மைப் போலவே பிறர் சமைத்ததைத் தின்றுதான் வாழ்கிறது.

இந்தச் சொந்தத்தால் ஒரு சங்கடமும் உண்டு. படர்தாமரை சீக்கிரம் போகமாட்டேன் என்கிறதே, அது பூஞ்சை. பாக்டீரியா நம்மிடமிருந்து வெகுதூரம் என்பதால், நம் செல்லைத் தொடாமல் அதை மட்டும் கொல்லும் மருந்துகள் பல கிடைத்தன. பூஞ்சையின் செல்லும் நம் செல்லும் ஒரே வீட்டு அமைப்பு. அதைத் தாக்கி நம்மை விட்டுவிடும் இடங்கள் குறைவு.

பங்காளிக் கணக்கை இங்கே ஒருமுறை போட்டுப் பாருங்கள். செடி வம்சமும் நம் வம்சமும் பிரிந்தது ஏறத்தாழ 150 கோடி ஆண்டுகளுக்கு முன் என்பது மதிப்பீடு. காளானும் நாமும் பிரிந்தது அதற்குப் பின்னால். ஆகவே வாழை மரத்துக்கு மனிதனும் எறும்பும் காளானும் ஒரே தூரம். பெரியப்பா வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் எல்லோரும் உங்களுக்கு ஒரே முறைதானே.

## புல்லா மரமா

வாழை மரம் என்று எழுதிவிட்டேன். தாவரவியலில் அது மரமே இல்லை. தண்டு போலத் தெரிவது இலைமட்டைகளின் சுருட்டு. ‘மரம்’ என்பது குடும்பப் பெயரல்ல, ஒரு உருவம். ‘உயரமானவர்கள்’ என்பது எப்படிச் சாதியோ குலமோ இல்லையோ அப்படி. எத்தனையோ வம்சங்கள் தனித்தனியே மரமாயின. புளியமரம் மாமரத்தைவிட நிலக்கடலைக்கும் தொட்டாற்சிணுங்கிக்கும் நெருக்கம். மூன்றும் பயறுக் குடும்பம்.

தென்னையைக் குறுக்கே அறுத்தால் ஓரம் கெட்டியாகவும் நடு சோறு போலவும் இருக்கும், ஆண்டு வளையம் இருக்காது. வேம்பும் தேக்கும் நேர்மாறு, நடுவில்தான் வைரம். தொல்காப்பிய மரபியல் இதை வைத்தே பிரிக்கிறது: வெளியே வைரம் கொண்டது புல், உள்ளே வைரம் கொண்டது மரம். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல். இன்றைய டிஎன்ஏ கணக்கிலும் தென்னை, வேம்பைவிட அருகம்புல்லுக்குத்தான் நெருக்கம். முளைக்கும்போது ஒற்றை விதையிலை விடும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்ற கிளையில் தென்னை, பனை, வாழை, நெல், கரும்பு எல்லாம் ஒன்றாக நிற்கின்றன.

உடனே ‘அன்றே சொன்னான் தமிழன்’ என்று போஸ்டர் அடிக்க வேண்டாம். நல்ல கண் உள்ளவர்கள் பார்த்து எழுதினார்கள், அது பொருந்திப் போனது. வம்சாவளி பற்றி அவர்கள் பேசவில்லை. அதே மரபியலில்தான் ஓரறிவு முதல் ஆறறிவு வரையிலான ஏணியும் இருக்கிறது. நம்மில் பலர் மனதைவிட்டு இறங்காமல் இருப்பது அந்த ஏணிதான்.

## வாழைப்பழத்தில் பாதி

இப்போது வாட்ஸ்அப் செய்திக்கு வரலாம். வாழையின் முழு டிஎன்ஏ வரிசை 2012-இல் வெளியானது. சுமார் 36,000 மரபணுக்கள். நமக்குப் புரத மரபணுக்கள் சுமார் 20,000-தான். ஏணியில் யார் மேலே என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

‘பாதி ஒற்றுமை’ என்பதன் பின்னால் இருப்பது இது: நம் மரபணுக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு வாழையில் அடையாளம் காணக்கூடிய சோடி இருக்கிறது. இரண்டு சோடியையும் எழுத்து எழுத்தாக வைத்தால் அச்சு அசலாக இருக்காது. ஒரே பாட்டு, 150 கோடி ஆண்டு பாடபேதங்களோடு. மேலும் புரதக் குறிப்பு எழுதிய பகுதி நம் மொத்த டிஎன்ஏவில் ஒன்றிரண்டு சதவீதமே. இன்னொன்று, இருப்பதே நான்கு எழுத்து என்பதால் சம்பந்தமில்லாத இரண்டு வரிசைகளை அருகருகே வைத்தாலும் 25 சதவீதம் தானாகவே பொருந்தும். ஆகவே ‘உன் டிஎன்ஏவில் பாதி வாழை’ என்பது தவறு. ‘உன் செல்லை நடத்தும் அடிப்படைக் குறிப்புகளில் பாதிக்கு மேல் வாழையிலும் உண்டு’ என்பது சரி.

ஏன் உண்டு? பிரிவதற்கு முன்பே அவை எழுதப்பட்டுவிட்டன. டிஎன்ஏவைப் படியெடுப்பது, சர்க்கரையை உடைப்பது, செல்லை இரண்டாக்குவது எல்லாம் பாகப் பிரிவினைக்கு முந்தைய பூர்வீகச் சொத்து. சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு செடியின் செல்லிலும் இருக்கிறது, நம் செல்லிலும் இருக்கிறது. அது ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியா. பொது மூதாதையின் செல்லுக்குள் வந்து தங்கிவிட்டது. இன்றும் தனக்கென்று தனி டிஎன்ஏ வைத்திருக்கிறது. இதை உயிரியலாளர் லின் மார்குலிஸ் 1967-இல் விரிவாக எழுதியபோது பலர் ஏற்கவில்லை. இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பிரிந்த பிறகு செடி வம்சம் மட்டும் இரண்டாவதாக ஒரு விருந்தாளியைச் சேர்த்துக்கொண்டது: நெல் வயலுக்கு உயிர் உரமாக இடுகிறோமே, அந்த நீலப்பச்சைப் பாசியின் இனம். அதுதான் இலையைப் பச்சையாக்கி வெயிலில் சமைக்கும் பசுங்கணிகம் ஆனது.

எழுத்தும் மாறவில்லை. மனித இன்சுலினுக்கான புரதக் குறிப்பைப் பாக்டீரியாவுக்குள் வைத்தால் அது வாசித்து மனித இன்சுலினையே செய்கிறது. 1982 முதல் சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த இன்சுலின் கிடைக்கிறது. ஃப்ரிட்ஜ் கதவில் நிற்கும் அந்தச் சின்னக் குப்பி, பாக்டீரியாவும் நாமும் ஒரே மொழி படித்தவர்கள் என்பதற்கு அத்தாட்சி.

## கடலை வேரில் ரத்தச் சிவப்பு

இதையெல்லாம் டிஎன்ஏ ஆய்வுக்கூடம் போகாமல் பார்க்க முடியுமா என்றால், ஒன்றே ஒன்று முடியும். நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி மண்ணை உதறினால் வேரெங்கும் கடுகு போலச் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். நோய் அல்ல. உள்ளே குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கித் தருகிறது. பயறு போட்ட நிலம் கொழுக்கும் என்று விவசாயிகள் சொல்வது இதனால்தான்.

அந்த பாக்டீரியாவுக்கு ஒரு தொல்லை. மூச்சு விட ஆக்ஸிஜன் வேண்டும். ஆனால் ஆக்ஸிஜன் தாராளமாக இருந்தால் நைட்ரஜனைப் பிடிக்கும் அதன் கருவி கெட்டுவிடும். அதனால் ஆக்ஸிஜனைச் சுதந்திரமாக அலையவிடாமல் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடும் ஆள் ஒருவர் தேவை. நம் ரத்தத்தில் அதே வேலையை ஹீமோகுளோபின் செய்கிறது. கடலைச் செடி முடிச்சுக்குள் செய்துவைத்திருப்பது அதன் ஒன்றுவிட்ட தம்பியை. 1939-இல் ஜப்பானிய ஆய்வாளர் குபோ இது ஹீமோகுளோபின் வகைதான் என்று காட்டினார். இரண்டும் தனித்தனியே தோன்றி ஒத்துப்போனவை அல்ல. குளோபின் என்ற ஒரே பழைய மரபணுக் குடும்பத்தின் வாரிசுகள். செடியும் விலங்கும் பிரிவதற்கு முன்பே இருந்த குடும்பம். இரண்டின் நடுவிலும் இரும்பு.

பூக்கும் பருவத்தில் ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ஈறு நிறத்தில் சிவந்திருக்கும், விரலில் லேசாக ஒட்டும். காய் முற்றும்வரை காத்திருந்தால் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். அப்போது உள்ளே வேலை நின்றுவிட்டது என்று பொருள்.